பந்து வைத்திருப்பவர் பேசலாம்

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் நுழைந்ததும் முதல் வேலையாக ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை, தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம், "அங்கேயே நின்னு எதாவது பேசுங்க ஆயா" என்றேன். அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். மருமகளைப் பற்றித்தான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, "போதும் ஆயா" என்றேன். அவருக்குப் போதவில்லை.

நாங்கள் இங்கே சௌகரியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பெட்டிகளைத் தனியாளாகத் தூக்காதே. குட்டி இன்னும் பென்சிலைக் கடித்துத் தின்கிறாளா?

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு வகுப்பறைக் கருவி ஒன்று வாங்க அனுமதி வந்திருக்கிறது. முதலில் ஏழாம் வகுப்பில் வைத்துப் பார்ப்பது, சரியாக வந்தால் எல்லா வகுப்புக்கும். "உங்க கிளாஸ், என்ன வேணும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று தலைமையாசிரியை என்னிடம் விட்டுவிட்டார். ஒரு கம்பெனிக்காரர் சுவரளவு தொடுதிரையோடு வரப்போகிறார். எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். எனக்கு வேறு தோன்றுகிறது. கடைசி பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே பேச்சு எங்கேயோ தொலைந்துபோகிறது. ஊரெல்லாம் மைக் செட் கட்டுகிற உனக்குத் தெரியாததா? இந்த அறைக்கு என்ன செய்யலாம், சொல்.

இப்போதைக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து யாராவது பதில் சொன்னால், முதல் பெஞ்சில் எனக்கு வலப்பக்கம் உட்காரும் வாயாடியை எழுப்பி, "அவன் சொன்னதை உன் வார்த்தையில சொல்லு" என்பேன். மற்றவர் பேச்சைக் கவனிக்கும் பழக்கம் வரும் என்று பெற்றோர் கூட்டத்தில்கூட இதை விளக்கியிருக்கிறேன். வாயாடி லீவு போட்டால்தான் வகுப்பு நொண்டுகிறது.

எழுதியே அனுப்பு. போனில் சொன்னால் மறந்துவிடுகிறேன். காகிதம் கையில் இருந்தால் திரும்பப் பார்க்கலாம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 25

டீச்சரக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இடுப்பு இடுப்பாகவே இருக்கிறது. குட்டி பென்சிலை விட்டுவிட்டு ரப்பருக்கு மாறிவிட்டாள். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி? மாமா நடக்கப் போகிறாரா, போவதாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாரா?

உன் கடிதம் வந்ததும் நாலு தடவை போன் பண்ணினேன். மூன்று தடவை நீ எடுக்கவில்லை. நாலாவது தடவை மாமா எடுத்தார். "உங்க அக்கா இங்கதான் இருக்கா, வேலையா இருக்கா" என்றார். பின்னால் டி.வி. அலறியது, அவர் சொன்னது பாதிதான் கேட்டது. நான் கடைசியாகக் கொடுத்த கடிதம் பத்தாம் வகுப்பு லீவு லெட்டர். அதையும் நீதான் எழுதிக்கொடுத்தாய். இந்தப் பாவத்துக்கு இப்போது என்னை எழுத வைக்கிறாய்.

சின்ன அறைக்கு மைக் என்பது பெரும்பாலும் ஆடம்பரம் அக்கா. அறையில்தான் ஏதாவது கோளாறு இருக்கும். நீளம், அகலம், உயரம் எவ்வளவு, கூரை தகரமா காங்கிரீட்டா, எத்தனை மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே என்ன, எல்லாம் எழுது. ஒரு படமும் போடு. மைக் யார் கையில் இருக்க வேண்டும், பெட்டி எங்கே இருக்க வேண்டும், அதன் முகம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டு. பெட்டி என்றால் ஸ்பீக்கர். நீ பீரோ என்று நினைத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாமா நடப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். குட்டிக்கு ரப்பர் வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது.

இருபத்திரண்டு அடி நீளம், பதினெட்டு அடி அகலம். காங்கிரீட் கூரை. நாலு மின்விசிறி, அதில் ஒன்று கடகடக்கும். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். படம் பின்பக்கத்தில் இருக்கிறது. கோணல் மாணலாக இருந்தால் சிரிக்காதே, நான் கணக்கு டீச்சர், டிராயிங் டீச்சர் இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. கம்பெனிக்காரர் திரையைக் கொண்டுவந்து மாட்டினார். ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையோடு பேசினார். தலைமையாசிரியையும் நடுநடுவே ஏதோ கேட்டார். நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் பார்க்கிறேன்: செப்டம்பர் 20, ஏழாம் வகுப்பில் புதிய கருவியோடு மாதிரி வகுப்பு, நடத்துபவர் கணக்கு ஆசிரியை, பார்வையிட கல்வி அதிகாரியும் பெற்றோரும்.

ஓடிப்போய்க் கேட்டேன். "நீங்கதானே ரெண்டு தடவை தலையாட்டினீங்க? இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டீங்களேன்னு நானே ஆச்சரியப்பட்டேன்" என்றார் தலைமையாசிரியை. பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கடைசி பெஞ்சில் உயரமான பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள், உயரத்தால்தான் அவளுக்குக் கடைசி பெஞ்ச். அவள் அம்மா வந்து புகார் சொன்னாராம். "வீட்ல கணக்கை வாயாலேயே போடறா. கிளாஸ்ல கை தூக்கறதையே விட்டுட்டா. டீச்சர் அவளைக் கண்டுக்கறதே இல்லையாம்."

"இந்த மாதிரி வகுப்பு நல்லா நடந்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க" என்றார் தலைமையாசிரியை. "நடக்கலைன்னா ஏழாம் வகுப்பை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு உங்களை நூலகத்துக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வழியில்லை. தப்பா நினைக்காதீங்க."

இருபது வருடம் சாக்பீஸ் பிடித்த கை இது. நூலகத்தில் புத்தகம் அடுக்கி என்ன செய்வேன்? நான் எந்தப் பிள்ளையையும் ஒதுக்குபவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

படத்தைப் பார்த்துச் சீக்கிரம் சொல்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் படம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. விளையாட்டு விழா, கட்சிக் கூட்டம் என்று வேலை இருந்தது உண்மை. அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் பொய்.

அறையில் ஒரு கோளாறும் இல்லை. இருபத்திரண்டு அடிக்கு நாலு மின்விசிறி ஓடினாலும் கடைசி பெஞ்சில் பேசினால் கரும்பலகை வரை வரும். வேறு ஒன்று சொல்கிறேன். இருபது வருடமாகப் பெட்டி வைக்கிறேன். பெட்டி எப்போதும் கூட்டத்தைப் பார்க்கும். நீ மைக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறாய். பெட்டியை உன் மேஜைமேல் வைத்து, பிள்ளைகளுக்கு அதன் முதுகைக் காட்டியிருக்கிறாய். அம்புக்குறி உன் நாற்காலியைப் பார்க்கிறது. அதுவும் வலது பக்கத்திலிருந்து. நீ அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாய், பென்சில் தடம் தெரிகிறது. முதலில் இடது பக்கம் இருந்ததை மாற்றியிருக்கிறாய்.

இதற்கு முன் ஒரே ஒருவர்தான் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். ஒரு சங்கத்துத் தலைவர், எண்பது வயது. ஏன் என்று என்னிடம் மறைக்கவில்லை.

இடது காதா அக்கா? எத்தனை நாளாக?

உன் தம்பி


ஆகஸ்ட் 7

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

படத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். மைக்கும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். திரையை வைத்தே நடத்திக்கொள்கிறேன். உன் வேலையைப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 18

டீச்சரக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் அதற்கும் கோபித்துக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. பிரித்ததும் பயப்படாதே. பூசணிக்காய் அளவில் பச்சை நிறத்தில் இருப்பது பந்து. பக்கத்துக் கடை சோபாக்காரரிடம் ஸ்பாஞ்ச் வாங்கி வெட்டினேன். நடுவில் வயரில்லாத மைக். எறியலாம், கீழே போடலாம், உட்காரக்கூடச் செய்யலாம். குட்டியும் அவள் அம்மாவும் கூடத்தில் எறிந்து பார்த்ததில் ஒரு பூச்சாடி போயிற்று. மைக் பிழைத்துக்கொண்டது.

மைக்கைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தால் உன் பீரியட் முடிந்துவிடும். அதனால்தான் எறிகிற மாதிரி செய்தேன். பெட்டி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று உன் மேஜைக்கு, நீ போட்ட அம்புக்குறிப்படியே. இன்னொன்று பின்சுவரில், பிள்ளைகளுக்கு. மைக்கைப் பெட்டியின் வாயருகே கொண்டுபோகாதே, கூவும். பேட்டரி ஆறு மணி நேரம் வரும்.

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. வேண்டாமென்றால் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடு.

மாமாவுக்கு வணக்கம்.

உன் மைக்செட் தம்பி


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நலமாக இருக்கிறேன். உன் இடுப்புக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார். எனக்குச் சொல்ல ஒரு தகுதி இருக்கிறது, ஏனென்றால் போன சனிக்கிழமை நான் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டேன்.

இடது காதுதான். இரண்டு வருடமாக. இப்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வலதும் மெல்லிய குரல்களை விட ஆரம்பித்திருக்கிறதாம். காதில் வைக்கும் இயந்திரத்துக்கு அளவெடுத்திருக்கிறார்கள், வர இரண்டு மாதம் ஆகும். எனக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரு வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார்கள். இருபது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கோடு எங்கே இறங்க ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பிள்ளைகளின் குரல் இருக்கும் இடம்.

உன்னிடம் கோபப்பட்டதற்கு என்ன சொல்ல? கண்டுபிடித்துவிட்டாயே என்ற கோபம்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் ஒரு வாரத்தில் மூன்று நாள், நான் கேட்ட கேள்விக்கு நெட்டைதான் முதலில் பதில் சொன்னாள். மூன்று நாளும் நான் அவள் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, அதே பதிலைச் சொன்ன முன்பெஞ்சுப் பையனுக்குச் சபாஷ் போட்டேன். எனக்கு அது தெரியவே தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் வாயாடி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேணும்னேதானே டீச்சர் பண்றீங்க? நெட்டை முன்னாடியே சொல்லிட்டா." மறுநாள் காலைதான் நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஆயாவைப் பேசச் சொன்னது. அறைமேல் பழி போட முடியுமா என்று பார்க்கத்தான்.

இப்போது பந்துக் கதை. பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: பந்து வைத்திருப்பவர் பேசலாம், மற்றவர்கள் கேட்கலாம். முதல் ஆள் மைக்கில் ஊதினான். இரண்டாம் ஆள் ஏப்பம் விட்டான். முப்பத்தெட்டுப் பேரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அன்றைக்குக் கணக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தம்பி, அந்த ஏப்பம் எனக்குக் கேட்டது. கடைசி பெஞ்சிலிருந்து, சுத்தமாக.

இரண்டாம் நாள் கணக்கு நடந்தது. இந்த வருடம் முழுக்க நான் குரலே கேட்டிராத மூன்று பேரைக் கேட்டேன். பின்வரிசைக்காரர்களுக்கும் முன்வரிசைக்காரர்கள் பேசுவது இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறதாம். முன்வரிசை எப்போதும் கரும்பலகையைப் பார்த்தே பேசும், பின்னால் இருப்பவர்களுக்கு அது முணுமுணுப்புதான். இதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை.

நெட்டை மட்டும் பந்தைத் தொடவில்லை. தன் பக்கம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு தரையில் விழ விடுவாள். வெள்ளிக்கிழமை வாயாடிக்குப் பொறுக்கவில்லை. "பிடிடி" என்று கத்திக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக எறிந்தாள். தற்காப்புக்குப் பிடித்துவிட்டாள். பிடித்தால் பேச வேண்டும், அதுதான் விதி. கொஞ்ச நேரம் பந்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியிலிருந்து என் வலது காதுக்குப் பக்கத்தில் மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"நீங்க போட்டது தப்பு டீச்சர். மூணாவது வரியில கழித்தல் குறியை விட்டுட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளுக்குச் சபாஷ் சொல்லவே மறந்துவிட்டேன். வாயாடிதான் ஞாபகப்படுத்தினாள்.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 8

டீச்சரக்காவுக்கு,

இங்கே சுகம். டாக்டரிடம் போனேன். பெட்டி தூக்காதே என்றார். பெட்டி தூக்காமல் மைக்செட் நடத்துவது எப்படி என்று அவரையே கேட்டேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

உன் கடிதத்தைக் கடைக்கு வெளியே நின்று படித்தேன்.

இருபதாம் தேதிக்கு என் தொழில் புத்தி மட்டும் சொல்கிறேன். முதல் நாளே பேட்டரி முழுக்க ஏற்று. காலையில் இன்னொரு தடவை பார். நிகழ்ச்சி கெட்டுப்போவதற்கு மைக் காரணமில்லை, மைக்கைப் பார்க்காத ஆள்தான் காரணம். வந்தவர்கள் பின்சுவர் ஓரம் உட்காருவார்கள், பெட்டியை மறைக்க விடாதே. அந்தத் திரையையும் பகைத்துக்கொள்ளாதே. வந்திருக்கும் சாமானை வேலை வாங்கு. யார் நோட்டையாவது பெரிதாகக் காட்ட முடிந்தால் அதில் காட்டு.

இன்னொன்று. காதில் விழாவிட்டால் தலையாட்டாதே. தலையாட்டித்தான் இதில் மாட்டினாய்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

உன் தம்பி


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். எனக்கு இன்று நன்றாகவே இருக்கிறது. கால் இரண்டும் வலிக்கிறது, அதுவும் பிடித்திருக்கிறது.

ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி திரையோடு சமாதானம் செய்துகொண்டேன். ஒரு போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, அதன் அடியில் பிள்ளைகளின் நோட்டை வைத்தால் திரையில் ஆளுயரத்துக்குத் தெரியும்படி செய்தோம். கம்பெனிக்காரருக்கு வருத்தம். அவர் திரையில் இருநூறு விளையாட்டுகள் இருக்கின்றன, நான் அதில் ஒரு அழுக்கு நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் போட்ட கணக்கு திரையில் வரும், எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பவர் பந்தைக் கேட்டு வாங்கிச் சொல்ல வேண்டும். பெரிய திட்டம் ஒன்றுமில்லை.

பாதி வகுப்பு ஓடிவிட்டது. கல்வி அதிகாரி கடைசி பெஞ்சில் நெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து ஏதோ கேட்டார். மெல்லிய குரல், தடித்த மீசை. உதடுகூடத் தெரியவில்லை. எனக்கு ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை பதில் சொல்லுங்கள் என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். வாயாடியைப் பார்த்தேன், அவளுக்கும் கேட்கவில்லை போலிருந்தது. தம்பி, அந்த நேரத்தில் கழுத்து தானாகவே ஆட ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருடப் பழக்கம். பிடித்து நிறுத்தினேன்.

"சார், பந்தை வாங்கிட்டுக் கேளுங்க" என்றேன். "எங்க கிளாஸ்ல அதுதான் ரூல்."

ஊசி விழுந்தால் எனக்கே கேட்டிருக்கும். தலைமையாசிரியையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. நெட்டை யாரையும் கேட்கவில்லை. முன்னாலிருந்த பையனிடம் கை நீட்டிப் பந்தை வாங்கினாள், பக்கத்திலிருந்த அதிகாரியின் நெஞ்சுக்கு நேராக எறிந்தாள். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். கோப்பு கீழே விழுந்து காகிதம் எல்லாம் சிதறியது.

அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹலோ, ஹலோ" என்றார். பெட்டியில் தன் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பிறகு கேள்வியைச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"நல்லாப் படிக்கற பிள்ளைங்க எப்படியும் பேசிடுவாங்க. மெதுவாப் படிக்கற பிள்ளைங்களுக்கு இதனால என்ன லாபம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நடு வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எங்கள் தூங்குமூஞ்சி. பந்தைக் கேட்டான். அதிகாரி எறிந்தார்.

"மெதுவாப் படிக்கறது நான்தான் சார்" என்றான். "இப்ப வாங்க, காட்டறேன்."

தன் நோட்டை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தான். முழுக் கணக்கையும் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னான். இரண்டு இடத்தில் தப்பு. முதல் தப்பை வாயாடி சொன்னாள். இரண்டாவதை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவனே திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "இருங்க, இருங்க, யாரும் சொல்லாதீங்க" என்றான். பிறகு சொன்னான். பின்னால் அவன் அப்பா பெஞ்சைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டது.

முடிந்த பிறகு பெற்றோர்கள் போகவில்லை. ஆளாளுக்குப் பந்தை வாங்கிப் பேசிப் பார்த்தார்கள். அதிகாரி பார்வையாளர் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினார். எல்லா வகுப்புக்கும் ஒரு பந்து, இரண்டு பெட்டி, ஒரு ஸ்டாண்டு. திரை பொதுக்கூடத்துக்கு. "இந்தப் பந்தை எங்க ஆபீஸ் மீட்டிங்குக்கு ஒண்ணு குடுங்க, அங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க" என்று வேறு சொன்னார். தலைமையாசிரியை என் கையைப் பிடித்து, "ஏழாம் வகுப்பு உங்களுதுதான். நூலகம்னு நான் சொன்னதை மறந்துடுங்க" என்றார். மறக்க மாட்டேன், ஆனால் மன்னித்துவிட்டேன்.

நெட்டையின் அம்மாவும் வந்தார். கண் கலங்கியிருந்தது. "கூச்சப்பட்டுக்கிட்டுக் கிடந்தவளை இப்படிப் பேச வெச்சிட்டீங்களே டீச்சர்" என்றார். நான் சிரித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

நீ வெட்டிய ஸ்பாஞ்சுக்கு ஆயிரம் நன்றி.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 30

வெற்றி வீராங்கனை டீச்சரக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், கொஞ்சம் தலைக்கனத்தோடு. உன் கடிதத்தைக் குட்டிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். தூங்குமூஞ்சி வரும் இடத்தில் இரண்டு தடவையும் கை தட்டினாள்.

உங்கள் பள்ளியிலிருந்து பத்துப் பந்துக்குக் கடிதம் வந்துவிட்டது. சோபாக்காரர் நான் பந்து வியாபாரத்துக்கு இறங்கிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுது.

ஒன்றே ஒன்று. மாமாவிடம் சொன்னாயா?

உன் தம்பி


அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? ஏழாம் வகுப்புக்குப் பச்சையே இருக்கட்டும். ஆறாம் வகுப்பு ஆரஞ்சு கேட்கிறது. எட்டாம் வகுப்பில் கருப்பு வேண்டுமாம், அழுக்குத் தெரியாதாம்.

மாமாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "டி.வி. சத்தத்தைப் பார்த்தாலே தெரியாதா? நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்து என் வலப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனை நாளாக அப்படி உட்காருகிறார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

இன்று ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மேஜைமுன் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் கல்வி அதிகாரி அனுப்பிய படிவம் ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் பன்னிரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி நடத்த வேண்டும். அதற்கு முன் இந்தப் படிவம் அச்சாகி அவர்கள் கைக்குப் போகும். தலைமையாசிரியை எனக்கு உதவியாகப் பென்சிலால் விடைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதன்மேல் மையால் எழுத வேண்டியது மட்டும்தான் என் வேலை. முதல் கேள்வி: இம்முறை எந்தத் தேவைக்காக உருவாக்கப்பட்டது? பென்சிலில்: கூச்ச சுபாவமுள்ள மாணவர்களைப் பேசவைப்பதற்காக. எடுத்துக்காட்டு என்ற இடத்தில் நெட்டையின் பெயர். முன்பு வாய் திறக்காதவள், இப்போது தயக்கமின்றிப் பேசுகிறாள்.

வெள்ளிக்கிழமை முதல் இதைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். எல்லோருக்கும் பிடித்த பதில். எனக்கும் சௌகரியமான பதில். காதில் வைக்கும் இயந்திரம் அடுத்த மாதம் வந்துவிடும், முடியை இறக்கி வாரினால் யாருக்கும் தெரியாது. பந்து பிள்ளைகளுக்காக வந்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அந்தப் பெண் கூச்சப்பட்டவள் இல்லை தம்பி. மூன்று நாள் முதல் ஆளாகப் பதில் சொன்னவள், மூன்று நாளும் சரியாகச் சொன்னவள். என் காதில் இருந்த குறையை அவள் சுபாவத்தில் எழுதி, அச்சடித்து, பன்னிரண்டு பள்ளிகளுக்கு அனுப்பச் சொல்கிறது இந்தப் படிவம். அவளே ஒருநாள் அதைப் படித்தாலும் படிப்பாள். தான் கூச்சக்காரியாகத்தான் இருந்தோம் என்று நம்பியும் விடுவாள்.

ரப்பரால் இரண்டு பதிலையும் அழித்துவிட்டேன். மையால் எழுதியிருக்கிறேன், அழிக்க முடியாதபடி. அந்த இரண்டு வரியை உனக்கும் எழுதுகிறேன்.

'ஆசிரியருக்கு இடது காது கேட்காததால் உருவாக்கப்பட்டது. மாணவர்கள் முதலிலிருந்தே சரியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.'

நாளைக் காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியையிடம் கொடுக்கப்போகிறேன். அங்கிருந்து நேராக நெட்டையின் அம்மாவிடம். தலைமையாசிரியை என்ன சொல்வார், மேலே இருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. மாமா அடுத்த அறையில் தூங்குகிறார், அவருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை இரண்டு வேலையும் முடிந்த பிறகுதான் தபாலில் போடுவேன்.

அடியில் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்காகப் படிவத்தை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா